துப்பாக்கிக்குப் பிரேக்

அத்தியாயம் ஆறு

தூக்குக் கயிற்றுக்கும் தன் கழுத்துக்கும் நடுவில் வீரமுத்து வைத்திருந்தது ஒரே ஒரு சொல்தான். சிரம்பான் போலீஸ் லாக்கப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"பிரேக்குங்க ஐயா. பிரேக் வேலைன்னுதான் குடுத்தாங்க."

கம்பிக்கு இந்தப் பக்கம் துப்பறியும் விசுவலிங்கம் நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தபோதும் வெள்ளைக் கோட்டின் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். துப்பறியும் தொழிலுக்கு வருமுன் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக அரை ஆயுளைக் கழித்தவர். பொய்யைத் தமிழிலும் கேட்டிருக்கிறார், ஆங்கிலத்திலும் கேட்டிருக்கிறார், மலாயிலும் கேட்டிருக்கிறார். இது எந்த மொழிப் பொய் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"எந்த வண்டிப் பிரேக்?" என்றார்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'தொரையோட பிரேக். ஓட்டயப் பெருசாக்கு, கேள்வி கேக்காத'ன்னு சொன்னாரு பெரிய கிராணி. மெர்பாவ் தோட்டத்து ஃபேக்டரியில நான் ஃபிட்டருங்க. ரப்பர் உருட்டுற மெஷின் தெரியும், எஞ்சின் தெரியும். தொர சாமானுக்கு என்னா பேரு வெச்சாலும் அதான் பேரு. கடஞ்சு குடுத்தேன். குடுக்கறதுக்குள்ள போலீஸ்காரங்க வந்து டூல்ஸ் பெட்டியக் கவுத்துட்டாங்க."

பக்கத்திலே நின்ற சன்னாசி தலையைச் சொறிந்தான். இவன் விசுவலிங்கத்தின் உதவியாள். பழைய மோரிஸ் டாக்ஸி ஒன்றும் ஓயாத வாய் ஒன்றும் இவனுடைய சொத்து. டாக்ஸியாவது மழை பெய்தால் நின்றுவிடும்.

"ஐயா, பெரிய கிராணின்னா நம்ம மச்சானுல்ல?" என்றான்.

"என் மச்சான்," என்று திருத்தினார் விசுவலிங்கம். "உமக்கு அவர் சிவசிதம்பரம் ஐயா, தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டாயிற்று. கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்."

"நாமளும் ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம்லா."

"எங்கள் குடும்பத்தில் ஒருவர் இல்லை என்று சொன்னால் அது இல்லை. மறுபடி கேட்பது அவமரியாதை."

சன்னாசி வீரமுத்துவைப் பார்த்தான். வீரமுத்து தரையைப் பார்த்தான். மரியாதைக்கும் கயிற்றுக்கும் உள்ள தூரத்தை அவன் மனசுக்குள் அளந்துகொண்டிருந்திருக்கலாம்.

மலாய் இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். மேஜை மேல் அந்தச் சாமானை எடுத்து வைத்தார். கட்டை விரல் பருமனில் ஓர் எஃகுக் குழல். பக்கவாட்டில் மீன் செவுள் போல வரிசையாகத் திறப்புகள். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையின் உட்புறம் மட்டும் புதிதாய்க் கடைந்து பளபளத்தது.

"துப்பாக்கி முனையில் மாட்டுவது," என்றார் இன்ஸ்பெக்டர். "சின்னத் தோட்டாவுக்குச் செய்ததைப் பெரிய தோட்டா போகிற மாதிரி மாற்றியிருக்கிறான். சுடும்போது வரும் வெளிச்சத்தை மறைக்கிற குழாய் என்று எங்கள் நிபுணர் சொல்லிவிட்டார். சுடும் வெளிச்சத்தை மறைக்க வேண்டியவன் யார்? காட்டுக்குள் இருக்கிறவன்."

"நிபுணர் யாரோ?"

"ஸ்டோர் சார்ஜெண்ட்."

"பூட்ஸும் போர்வையும் குடுக்குறவரு," என்று சன்னாசி தமிழில் முணுமுணுத்தான். "கால்ல மாட்டுறதோ போத்துறதோ இல்லன்னா அவருக்கு எல்லாமே கொழாதான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். "துரையையும் கேட்டேன். 'உங்கள் பிரேக்கை வேலைக்குக் கொடுத்தீர்களா' என்று. அவர் என்னைக் காரில் ஏற்றி வேகமாக ஓட்டிச் சடாரென்று நிறுத்திக் காட்டினார். என் நெற்றி கண்ணாடியில் மோதியது. அவருடைய பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக் காலையில் கேஸை மேலே அனுப்புகிறேன், மிஸ்டர் விசுவலிங்கம். அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை."

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலச் சட்டம் எப்படிப்பட்டதென்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லாத காலம் அது. துப்பாக்கியோ தோட்டாவோ, அதற்கு மாட்டுகிற சாமானோ, எது அகப்பட்டாலும் கழுத்துக்குத்தான் கணக்கு.

வாசலில் பஞ்சாலை நின்றாள். வீரமுத்துவின் மனைவி. வெட்டு மரத்திலிருந்து நேரே வந்தவள் போல சேலையில் ரப்பர் பால் காய்ந்து வெள்ளையாய்த் திட்டுத் திட்டாக இருந்தது. விசுவலிங்கத்தை வேலைக்கு அமர்த்தியவள் அவள்தான்.

"அவரு பொய் சொல்ல மாட்டாருங்க," என்றாள்.

"தெரியும், பிள்ளை."

"அப்ப வேற யாரோ சொல்றாங்க."

"துரை," என்றார் விசுவலிங்கம், சற்றும் யோசிக்காமல். "வண்டியை எடும், சன்னாசி."

*

மெர்பாவ் தோட்டத்து பங்களா குன்றின் மேல் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி, மணல் மூட்டை, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். உள்ளே பெல்லமி துரை பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தேநீர்க் கோப்பை இடது கையில். வலது கை மடியில் கிடந்தது, யாருடையதோ கை போல. அறை முழுக்க வலிக்குத் தேய்க்கும் காயுபூத்தி எண்ணெய் வாடை.

துரைமார் தமிழ் படிப்பது லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் பேசும் தமிழில். 'வா, போ, ஒக்காரு, வெட்டு' என்பதற்கு மேல் ஒரு மரியாதை தமிழில் இருக்கிறதென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய கிராணிமார் இங்கிலீஷ் பேசுவதில் மும்முரமாய் இருந்தார்கள்.

"நீ கிராணி மச்சானா? ஒக்காரு, ஒக்காரு!" என்றார் துரை அன்பொழுக.

விசுவலிங்கத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மிகச் சுத்தமான ஆங்கிலத்தில், தாம் நிற்பதையே விரும்புவதாகச் சொன்னார்.

"தோளில் அடியோ?"

"குளியல் தொட்டியில் வழுக்கிவிட்டது," என்றார் துரை, ஆங்கிலத்துக்கு மாறி.

தேநீர்த் தட்டை எடுக்க வந்த ஆயா தாயம்மா, சன்னாசியின் காதுப் பக்கம் குனிந்தாள். "தொட்டியாவது மண்ணாவது! புதுத் துப்பாக்கி வந்துச்சு. காட்டுப் பன்னிய சுடப் போனாரு. பன்னி அந்தப் பக்கம் ஓடிச்சு, தொர இந்தப் பக்கம் உருண்டாரு. மூணு பேரு தூக்கியாந்தோம்."

"பன்னி சிரிச்சிருக்குமே," என்றான் சன்னாசி. அடுத்த நொடியில் அவன் முகம் மாறியது. விசுவலிங்கத்தின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தான். "ஐயா, புதுத் துப்பாக்கி. பெருசு. ஒதைக்குது."

விசுவலிங்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோர்ட்டில் சாட்சியை மடக்கும் வக்கீல்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஒரு வித்தை அவரிடம் இருந்தது. கெட்டிக்காரனிடம் கேள்வி கேட்கக் கூடாது. தப்பாகச் சொல்ல வேண்டும். அவனே திருத்துவான்.

சிகரெட் டப்பியின் அட்டையில் பென்சிலால் அந்தக் குழலை வரைந்தார். செவுள் திறப்புகளையும் போட்டார்.

"ஒரு சின்ன விஷயம், மிஸ்டர் பெல்லமி. வீரமுத்துவிடம் அகப்பட்டது இது. சுடும் வெளிச்சத்தை மறைக்கிற குழாய். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

துரை ஒரு மடக்குக் குடித்துக் கோப்பையை வைத்துவிட்டு அட்டையை வாங்கினார். பார்த்தார். தேநீர் புரையேறியது.

"வெளிச்சத்தை மறைப்பதா? எந்த முட்டாள் சொன்னான்? பக்கத்தில் இவ்வளவு ஓட்டை வைத்து எந்த வெளிச்சத்தை மறைப்பது? புகை பக்கவாட்டில் போக வேண்டும், உதை குறைய வேண்டும், அதற்காக வைப்பது இது. துப்பாக்கி வைத்திருக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இதற்குப் பெயர் மஸில் பிரேக், துப்பாக்கி முனைக்குப் பிரேக்!"

துரை அட்டையை மேஜையில் போட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

பிரேக்!

அரை ஆயுள் மொழிபெயர்த்த மனிதர், தமக்குத் தெரியாத ஒரு சொல்லை ஒரு ஃபிட்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து கத்தக் கத்தக் கேட்டுவிட்டு வந்திருந்தார். வண்டிக்கு மட்டும் அல்ல, துப்பாக்கிக்கும் பிரேக் உண்டு. தோட்டத்தில் அந்தப் பெயர் தெரிந்த வாய் ஒன்றே ஒன்றுதான். அந்த வாய் இப்போது பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"மாட்டிக்கிச்சுலா," என்றான் சன்னாசி மெல்ல.

விசுவலிங்கம் ஓரடி முன்னால் வைத்தார். "உங்களுடைய பழைய துப்பாக்கியில் இப்படி ஒன்று இருந்தது. புதிய பெரிய துப்பாக்கிக்கு அதைப் பொருந்தும்படி மாற்றக் கொடுத்தீர்கள். உருண்டு விழுந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒரு மனிதனைத் தூக்குக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்."

துரையின் முகம் சிவந்தது. ஆனால் பயந்தவன் முகம் அது இல்லை. ஒன்றும் புரியாதவன் முகம்.

"கொடுத்தேன். யார் இல்லை என்றது? என்னிடம் யாரும் துப்பாக்கிப் பிரேக்கைப் பற்றிக் கேட்கவே இல்லையே! இன்ஸ்பெக்டர் பிரேக் என்றார், காரைக் காட்டினேன். வீரமுத்து காட்டுக்குள் இருக்கிற கொள்ளைக்காரர்களுக்கு ஏதோ குழாய் செய்தான் என்றார்கள், அட பாவி என்றேன். என்னுடையது சிரம்பானில் துப்பாக்கிக் கடையில் பத்திரமாக இருக்கிறது."

"சிரம்பானிலா?"

"ஆமாம். உன் மச்சான்தான் கொண்டுபோனான்!" துரையின் குரலில் பெருமை வழிந்தது. "போன மாதம், சிரம்பான் ரோட்டு வளைவில் கொள்ளைக்காரர்கள் லாரியைக் கொளுத்திய மறுநாள். டிரைவர் வர மறுத்தான். உன் மச்சான் தனியாக பஸ் ஏறிப் போனான். திரும்பி வரும்போது குண்டு அவன் காதருகே போயிருக்கிறது. தோட்டமே அதைத்தான் பேசுகிறது. கோவில் கமிட்டி மாலை போட்டது. உன் குடும்பத்தில் நல்ல வீரம் இருக்கிறது."

விசுவலிங்கம் சிகரெட் அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார்.

மச்சான் சிரம்பானுக்கு வந்தாரா? அவருக்கு இது புதுச் செய்தி. சிரம்பானுக்கு வந்த மச்சான், ஊருக்குள்ளேயே லோபாக்கில் இருக்கும் விசுவலிங்கத்தின் வீட்டுப் படியை மிதிக்காமல் திரும்பிப் போவதா? பெண் எடுத்த வீட்டில் ஒரு வாய் தேநீர் குடிக்காமல், தங்கை கொடுத்தனுப்பும் மிளகாய்த் தூள் போத்தலை வைக்காமல், யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கட்டை வாங்காமல்? இந்தக் குடும்பத்தில் ஒருவர் பிணமாகி சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு வந்தால்கூட லோபாக் வழியாகத்தான் போவார்.

ஆகவே மச்சான் சிரம்பானுக்கு வரவே இல்லை.

வளைவைத் தாண்டப் பயந்து, சாமானை வீரமுத்து கையில் கொடுத்துவிட்டு, மாலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் சன்னாசி மோரிஸின் கதவைத் திறந்து பிடித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். விசுவலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான். பல வருடத்தில் முதல் முறையாக அந்த வாய் தானாகவே மூடிக்கொண்டது.

*

பெரிய கிராணியின் குவாட்டர்ஸில் மாலை இன்னும் ஆணியில் தொங்கியது, காய்ந்து சருகாகி. அதற்குப் பக்கத்தில் விசுவலிங்கத்தின் தகப்பனார் படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ மச்சான், வாங்கோ!" சிவசிதம்பரம் எழுந்து வந்தார். பட்டுக்கரை வேட்டி, விபூதி, பரந்த மார்பு. தங்கை பாலேஸ்வரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அண்ணனின் நாற்காலிப் பக்கம் நின்றாள்.

விசுவலிங்கம் துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. வீரமுத்துவைப் பற்றியும் பேசவில்லை.

"எனக்கு மனசிலே ஒரு குறை, மச்சான்," என்றார். "போன மாசம் சிரம்பானுக்கு வந்தனீங்களாம். வீட்டுப் பக்கம் எட்டியும் பாக்கேல்லையே."

சிவசிதம்பரம் திறந்த வாயை மூடவில்லை. வந்தேன் என்று சொன்னால் பெண் எடுத்த வீட்டை அவமதித்தவர். வரவில்லை என்று சொன்னால் சாமான் யார் கைக்குப் போனதென்று சொல்லியாக வேண்டும்.

அவர் முடிவெடுக்குமுன் பாலேஸ்வரி முந்திக்கொண்டாள். "என்ன அண்ணை பகிடி விடுறீங்கள்? வந்தவர்தானே! அண்ணி புட்டு அவிச்சுக் குடுத்தவ, சுகமாயிருக்கிறா எண்டு என்னட்டச் சொன்னவர்!"

"உன்ர அண்ணி போன மாசம் முழுக்க கிள்ளானிலே நிண்டவள், தங்கச்சி. மகளின்ர பிள்ளைப்பேறு."

பாலேஸ்வரி கணவரைப் பார்த்தாள். சன்னாசி வாசற்படியில் நின்று கூரையைப் பார்த்தான்.

"புட்டு மட்டும் தனியா வந்து அவிஞ்சிருக்கு," என்றான், கூரையிடம்.

சிவசிதம்பரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் தானாகவே கொட்டியது. வளைவு வரைக்கும் நடந்தாராம். எரிந்த லாரி கிடந்ததாம். கால் வரவில்லையாம். பொழுது சாயும்வரை ரப்பர்க் காட்டுக்குள் குந்தியிருந்துவிட்டுத் திரும்பி வந்தாராம். வீரமுத்து கடைந்து தந்ததும், கடையிலிருந்து வந்தது என்று துரை கையில் கொடுத்துவிட நினைத்தாராம். அதற்குள் போலீஸ்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடி மச்சான் சொல்லுறது? மாலை போட்டாங்களே!" சிவசிதம்பரம் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் யோசியுங்கோ. பெரிய கிராணி புளுகன் எண்டு லயத்துக் கூலியள் சிரிக்கிறதோ? மகள் கமலாதேவிக்குத் தம்பின் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலே கலியாணப் பேச்சு நடக்குது. நான் ஒரு வழி சொல்லுறன். சாமானைப் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலே தவற விட்டனான். அவன் எடுத்திருக்கிறான். களவு எண்டு முடிச்சிடலாம். உங்கட வாயாலே சொன்னால் இன்ஸ்பெக்டர் நம்புவார். குடும்ப மானம், மச்சான்."

களவு என்றால், களவெடுத்த துப்பாக்கிச் சாமானை யாருக்காகப் பெரிதாக்கினான் என்று அடுத்த கேள்வி வரும். பதில் காட்டைக் காட்டும். அது மச்சானுக்கும் தெரியும்.

விசுவலிங்கம் சபலப்பட்டார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் தகப்பனாரின் படத்தைப் பார்த்தார். கமலாதேவியின் தாலியை நினைத்தார். தேநீரில் ஆடை படியும் நேரம் வரை அந்த வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்தப் பொய்யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று பார்த்துக்கொண்டிருந்தார். அழகாகத்தான் வந்தது.

பிறகு கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எழும்புங்கோ, மச்சான்."

சிவசிதம்பரம் எழும்பவில்லை. பாலேஸ்வரிதான் உள்ளே போனாள். இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டை எடுத்துவந்து கணவர் முன்னால் நீட்டினாள்.

"போட்டுக்கொண்டு போங்கோ. புளுகனுக்குப் பொம்பிளை குடுத்த வீடு எண்டு அண்ணை பேர் எடுக்கட்டும், தாங்குவார். கொலைகாரனுக்குக் குடுத்த வீடு எண்டு எடுக்கேலாது."

*

வளைவு வந்தபோது சிவசிதம்பரம் பின் சீட்டின் அடியில் இருந்தார்.

"எந்தக் காதுப் பக்கம் போச்சுங்க ஐயா குண்டு?" என்று கேட்டான் சன்னாசி, கியரை மாற்றிக்கொண்டே. "சொன்னீங்கன்னா அந்தப் பக்கம் கண்ணாடிய ஏத்திவிடுறேன்."

இந்த முறை விசுவலிங்கம் அவனை அடக்கவில்லை.

சிரம்பான் போலீஸ் நிலையத்தில் மச்சான் சொன்னதை இன்ஸ்பெக்டர் எழுத, விசுவலிங்கம் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். சிவசிதம்பரத்துக்கு ஆங்கிலம் வரும். அன்றைக்கு மட்டும் வரவில்லை. 'கால் வரவில்லை' என்ற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எதையும் மெருகேற்றவில்லை. இன்ஸ்பெக்டர் பங்களாவுக்கு டெலிபோன் போட்டார். மறுமுனையில் துரை போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. டெலிபோனை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் தம் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பொய்ச் சாட்சிக்கு உங்கள் மச்சானைப் பிறகு கூப்பிடுவேன்," என்றார். "இப்போதைக்கு அவரும் வீரமுத்துவும் போகலாம்."

கம்பிக் கதவு திறந்தது. வீரமுத்து வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சுருக்கினான். பஞ்சாலை அவன் சட்டையின் நுனியைப் பிடித்தாள். விடவே இல்லை. சிவசிதம்பரம் தூணோரம் நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தார்.

"கிராணி ஐயா ஒங்க மச்சானுங்களா?" என்று கேட்டாள் பஞ்சாலை. அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஓம்."

"அப்ப நீங்க மொதல்லயே அவரக் கேட்டிருக்கலாமேங்க ஐயா."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. புரியாமல் கேட்ட குரல். ஒரு கோர்ட்டிலும் எந்த வக்கீலும் விசுவலிங்கத்தை அப்படி நிற்க வைத்ததில்லை.

அவர் நடந்துபோய் மோரிஸின் பின் கதவைத் திறந்தார். தம் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கோ, பிள்ளை. வீரமுத்து, நீரும் ஏறும். ஊரடங்குக்கு இன்னும் நேரம் இருக்கு. லோபாக்கிலே எங்கட வீட்டிலே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். என்னோடு ஒரே மேசையிலே."

வீரமுத்து தயங்கினான். சன்னாசி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினான்.

சிவசிதம்பரம் தூணைவிட்டு வந்து மறுபக்கக் கதவில் கை வைத்தார். "தள்ளி இருங்கோ, நானும் இடுக்கிக்கொண்டு..."

"மச்சான்," என்றார் விசுவலிங்கம்.

குரல் உயரவில்லை. கதவிலிருந்த கை எடுபட்டது.

"இண்டைக்குத்தான் நீங்கள் மெய்யாகவே சிரம்பானுக்கு வந்திருக்கிறீங்கள். வீட்டுக்கு வர வேண்டாம். பஸ் அந்தப் பக்கம் நிற்கும்."